அத்தாவின் கைக்கடிகாரம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்கள் அன்புடன் கேட்டபோது, யாம் எழுதித் தருவது வீரமாமுனிவரைப் பற்றியதாகவே இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஏலாக்குறிச்சியில் பிறந்து தமிழ் படித்தவர்கள் முனிவரை விட்டு விலக இயலாது. வகுப்பறையில் அவரைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியாயிற்று. ஆதலின் இம்முறை, பணி ஓய்வுக்குப் பின் யாம் புதிதாகக் கற்கப் புகுந்த ஒரு தொழிலைப் பற்றியும் அதில் செய்த பெரும்பிழை ஒன்றைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். மாணவச் செல்வங்கள் பொறுத்தருள்க. பெரியோர்களுக்கு இது எம்மினும் நன்கு தெரிந்த பொருளாகவும் இருக்கலாம். காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பழகிய விரல்கள் இந்த அவையில் இன்னும் பல உள்ளன.

எம் அத்தா ஏலாக்குறிச்சிக் கடைத்தெருவில் சிறியதொரு துணிக்கடை வைத்திருந்தார். கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அண்மையில் உள்ள ஊர் அது. அடைக்கல மாதா ஆலயத்தால் நாடெங்கும் அறியப்பட்டது. கடையின் பெயர்ப்பலகையில் முதலில் திருச்சி மாவட்டம் என்று எழுதியிருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆயிற்று. 2001-இல் அரியலூர் மாவட்டம் பிறந்தது. மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைந்தது. 2007-இல் திரும்பவும் அரியலூர் மாவட்டமாயிற்று. ‘கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டந்தான் நடந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லி, அத்தா பலகையில் மாவட்டத்தின் பெயரையே அழித்துவிட்டார்.

அவர் கையில் இருந்தது ஹெச்.எம்.டி. ஜனதா. 1974-இல், ஒரு நல்ல தீபாவளி வியாபாரத்துக்குப் பிறகு திருச்சிக்குச் சென்று வாங்கி வந்தார். அந்நாளில் கைக்கடிகாரம் வாங்குவது இன்று போலக் கடைக்குள் நுழைந்து வெளியேறும் செயல் அன்று. சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் 1961-இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை அது. ‘நாட்டின் இதயத்துடிப்பு’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைக்கும் நிக்காஹ் முடிந்த மாப்பிள்ளைக்கும் அதுதான் பரிசு. ஜனதா என்றால் மக்கள். பெயருக்கேற்ப வெள்ளை முகமும் எளிய எழுத்துகளும் உடையது, பகட்டு இல்லாதது.

திருச்சி வானொலியில் காலைச் செய்திக்கு முன் ஒலிக்கும் நேர ஒலியைக் கேட்டு அத்தா முள்ளைத் திருத்துவார். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சாவியைப் பிடித்துப் பொறுமையாகத் திருகுவார். எண்ணிக்கை சொல்லமாட்டார்; விரலுக்குத் தெரியும் என்பார். ஒளுச் செய்யும் போதெல்லாம் அதனைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைப்பார். ஐந்து வேளையும் கழற்றி ஐந்து வேளையும் கட்டினார். வார் அறுந்து அறுந்து மாறியது, கடிகாரம் மாறவில்லை.

2011-இல் அத்தா வஃபாத்தானார். அவருடைய உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம். கடையை வாடகைக்கு விட்டோம். கைக்கடிகாரத்தை அம்மா எடுத்துக்கொண்டார்கள். அது பெட்டிக்குள் உறங்குவதாகவே யாம் எண்ணியிருந்தோம். வாரந்தோறும் சனி ஞாயிறுகளில் திருச்சியிலிருந்து ஊருக்குச் சென்றும் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அம்மா அதனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருந்தார்கள்.

“தம்பி, இது நின்னு போச்சு. சாவி ஏறுது, ஓட மாட்டேங்குது. வாட்ச்காரர்கிட்டே கொண்டு போய்க் காட்டு.”

எண்பது வயதைக் கடந்த அம்மா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முன்பு கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையின் ஓரத்தில், கண்ணாடி பதித்த மரப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பார். இப்போது வீட்டுத் திண்ணையே கடை. பேட்டரி மாற்றுவதும் வார் மாட்டுவதுமே அவருக்கு மிஞ்சிய தொழில். படிகக் கடிகாரத்தை 1969 திசம்பரில் சப்பானின் சைக்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை 1980-களின் பிற்பகுதியில் அதனை நம் வீதிக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஹெச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடிவிட நடுவணரசு 2016 சனவரியில் முடிவெடுத்தது. எல்லோருடைய சட்டைப்பையிலும் கைப்பேசி நேரம் சொல்லுகிறது. இந்த வரலாற்றைப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “மணி பார்க்கிறவங்க இருக்காங்க சார், வாட்ச் பார்க்கிறவங்க இல்லை.”

கடிகாரத்தை வாங்கியதும், “பாய் வாட்ச்சா?” என்றார். ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“சாவித்தண்டில துரு இல்லை பாருங்க. ஊர்ல எத்தனை ஜனதா பார்த்திருக்கேன். வேர்வையும் தண்ணியும் பட்டு எல்லாம் இங்கதான் துரு பிடிக்கும். பாய் கழற்றிக் கழற்றி வச்சவரு.”

அத்தாவின் ஒளு, அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒரு எஃகுத் தண்டில் சான்றாக நின்றதைக் கண்டு எமக்குப் பேச்சு எழவில்லை. பெரியவர் மூடியைத் திருப்பி அதன் உட்புறத்தை எம்மிடம் காட்டினார். ஊசியால் கீறிய சிறு எண்கள் அங்கே இருந்தன: 8-81, 2-90, 11-99, 6-15. பழுதுபார்ப்பவர்கள் தாம் திறந்த நாளை இவ்வாறு உள்ளே குறித்து வைப்பது வழக்கமாம். வெளியே தெரியாது, அடுத்துத் திறப்பவருக்கு மட்டுமே தெரியும். நான்கும் அவர் கையெழுத்தே. 2015 என்று கண்டு திகைத்தோம். அத்தா மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டோம்.

“அதை அம்மாகிட்டே கேளுங்க” என்று மட்டும் சொன்னார்.

எண்ணெய் உலர்ந்து பிசினாகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புதிய எண்ணெய் இட்டால் ஓடும் என்றார். ஆனால் தம்மால் இயலாது என்று வலக்கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. தஞ்சாவூருக்குக் கொண்டு போகச் சொன்னார். என்ன துணிவில் கேட்டோமோ தெரியவில்லை: அருகிருந்து அவர் சொன்னால் யாமே செய்யலாமா என்று கேட்டுவிட்டோம். சிரித்தார்.

“சார், நீங்க எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில வட்டம் போடறவங்க. இதுல வட்டம் போட்டுட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாது.”

எனினும் மறுக்கவில்லை. உள்ளே சென்று பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் உயிர்போன கடிகாரங்களின் உள்ளுறுப்புகள் கிடந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எம் கையில் வைத்தார். இதை இருபது முறை கழற்றி இருபது முறை பூட்ட வேண்டும். அதுவரை பாய் கடிகாரத்தைத் தொடக்கூடாது என்பது கட்டளை.

முதற்பாடம் கழற்றுவது பற்றியது அன்று, அவிழ்ப்பது பற்றியது. கடிகாரத்தினுள் சுருண்டிருக்கும் பெரிய விசைச்சுருளைத் தொழிலாளர் மெயின் ஸ்பிரிங் என்பர். நாம் சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. இறுகிய சுருள் திரும்பி அவிழ்ந்துவிடாதபடி கிளிக் என்னும் சிறு நாக்கு தடுத்து நிற்கிறது. அந்த நாக்கை ஒரு குச்சியால் விலக்கி, சாவியை விரலில் பிடித்தபடியே, உள்ளிருக்கும் விசையை மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். அதைச் செய்யாமல் உள்ளே கைவைத்தால் அடக்கி வைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் சக்கரங்களின் வழியே பாய்ந்து பற்களை உடைத்துவிடும். சாவி எம் விரலுக்குள் பின்னோக்கிச் சுழன்றபோது, சிறு உயிர் ஒன்று கையிலிருந்து நழுவப் பார்ப்பது போலிருந்தது. முதல் ஐந்து முறையும் விரல் வழுக்கிற்று. நல்லவேளையாக அது ஏற்கெனவே இறந்த கடிகாரம்.

இரண்டாம் பாடம், வெள்ளைத்தாள். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாகத் தாளின்மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு திருகும் அதனதன் துளையின் அருகில். மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துவிட வேண்டும். மூச்சுக் காற்றும் பகை, தும்மல் பெரும்பகை. ஒருமுறை சாமணத்தின் நுனியிலிருந்து தெறித்த திருகைத் தேடி, தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் திண்ணையில் கன்னத்தைத் தரையில் பதித்துக் கிடந்த காட்சியைத் தெருவே கண்டு மகிழ்ந்தது.

கழுவுவது வெள்ளைப் பெட்ரோலில். கல்லின் துளைகளைக் கூராகச் சீவிய குச்சியால் துடைக்க வேண்டும். எண்ணெய் என்பது துளி என்று சொல்லவும் தகாத அளவு. ஊசிமுனை தொட்டுத் தருவது. ‘கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என்ன?’ என்று கேட்டதற்கு, கூடின எண்ணெய் தானும் நில்லாது, பக்கத்தில் வேண்டாத இடத்துக்கும் ஓடும் என்றார். எம் பழைய விரிவுரைகள் சில நினைவுக்கு வந்தன.

மாணவர்கள் ஒரு கடிகாரத்தின் உள்ளே பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆதலால் அது ஓடும் முறையைச் சொல்லிவிடுகிறோம். மெயின் ஸ்பிரிங்கின் விசை ஒன்றன்பின் ஒன்றாகப் பல்சக்கரங்களைத் தள்ளுகிறது. மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது ஒரு சக்கரம். நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது மற்றொன்று. விசை தடையின்றிப் போனால் எல்லாச் சக்கரங்களும் சில நொடிகளில் சுழன்று ஓய்ந்துவிடும். ஓட்டம் மட்டும் போதாது, நிறுத்தமும் வேண்டும். அதற்காகக் கடைசிச் சக்கரத்தின் எதிரில் நங்கூரம் போன்ற ஒரு சிறு கருவி நிற்கிறது, பேலட் என்பர். அதன் இரு கைகளிலும் சிவப்புக் கல் பதித்திருக்கும். ஒரு கை பல்லைப் பிடிக்க, மறுகை விடும். விட்ட கை பிடிக்க, பிடித்த கை விடும். இவ்வாறு பிடிக்கவும் விடவும் ஆணையிடுவது பேலன்ஸ் எனப்படும் வளையச் சக்கரம். அதன் நடுவில் தலைமயிர் போன்ற மெல்லிய சுருள் ஒன்று உண்டு. ஹேர் ஸ்பிரிங் என்ற பெயர் சரியாகத்தான் இட்டிருக்கிறார்கள். வளையம் ஒருபுறம் சுழலும், சுருள் அதனைத் திருப்பி அழைக்கும், மறுபுறம் சுழலும், மீண்டும் அழைக்கும். நொடிக்கு ஐந்து துடிப்பு. மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. நாம் கேட்கும் டிக் டிக் ஒலி, கல்லும் பல்லும் மோதும் ஒலியே.

நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பேசிய எமக்கு, பல்லும் கல்லும் சந்திக்கும் அந்த இடம் விளங்கியபோது உண்டான மகிழ்ச்சியைத் துறை நண்பர்கள் அறிவார்கள்.

இந்தச் சுருளைக் கடிகாரத்தில் வைத்துக் காட்டியவர் ஆலந்து நாட்டு ஐகன்ஸ், ஆண்டு 1675. இங்கிலாந்தின் ராபர்ட் ஊக் தாமே முதல்வர் என்று வழக்காடினார். அதற்கு முன்பு கையடக்கக் கடிகாரங்கள் இருந்தனவாயினும் அவை நேரத்தைக் குத்துமதிப்பாகவே சொல்லின. இன்னும் பின்னே போனால், தியார்பக்கிர் அரசவையில் இருந்த அல்-ஜஸரி 1206-இல் முடித்த பொறிநூலில் யானை வடிவில் ஒரு நீர்க்கடிகாரமே அமைத்துக் காட்டினார். இசுதான்புல்லில் 1577-இல் வானாய்வுக்கூடம் நடத்திய தகீயுத்தீன், எந்திரக் கடிகாரங்களுக்கென்றே தனிநூல் எழுதினார். நம் முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் மன்னனுக்கு நீர்க் கன்னலைப் பார்த்து நேரம் அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைக் காண்கிறோம். அவர்களுக்கு நாள் என்பது அறுபது நாழிகை. நாழிகை என்பது நம் 24 நிமிடம். அத்தாவின் ஜனதா ஒரு நாளில் ஒரு நிமிடம் பிழைத்தால், அது 1440 பங்கில் ஒரு பங்குப் பிழை. எம் விடைத்தாள் திருத்தத்தில் அந்தத் துல்லியம் ஒருநாளும் இருந்ததில்லை.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப பன்னிரண்டாவது தடவை கழற்றுங்க” என்றார்.

பதினாறு முறை ஆயிற்று. பதினாறாம் முறை, பிஸ்கட் டப்பாவின் பிணம் எம் கையில் பத்து நிமிடம் ஓடியது. அன்றைய பெருமிதத்தை விரித்துரைக்க விரும்பவில்லை. அதுவே பின்வரும் பிழைக்குக் காரணம். இருபது என்பது ஒரு பேச்சுக்குச் சொன்ன எண் என்று எமக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டோம். அன்றிரவு, அம்மா உறங்கிய பின்னர், மேசை விளக்கின்கீழ் வெள்ளைத்தாளை விரித்து அத்தாவின் கடிகாரத்தைத் திறந்தோம்.

விசையை முறையாக அவிழ்த்தோம். அதில் பிழையில்லை. பேலன்ஸைத் தாங்கும் பாலத்தின் திருகைக் கழற்றிப் பாலத்தை உயர்த்தினோம். ஹேர் ஸ்பிரிங்கின் வெளிநுனி பாலத்தோடு பிணைந்திருப்பது. வளையமோ கீழே கல்லில் நிற்பது. இரண்டையும் ஒருசேரச் சாய்த்து, மெல்ல விடுவித்துத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். பதினாறு முறை செய்ததுதான். பதினேழாம் முறை வளையம் விடுபடுமுன் கையை உயர்த்திவிட்டோம். சுருள் நீண்டது. பதறிக் கையைத் தாழ்த்தினோம். சாமணத்தின் நுனி சுருளின் இடையே புகுந்தது. எடுத்துப் பார்த்தபோது, ஒழுங்காக ஒன்றையொன்று சுற்றி நின்ற வட்டங்கள், சிக்கெடுக்காத நூல் போலக் கிடந்தன.

அம்மா அழைக்கவில்லை, மின்சாரம் போகவில்லை, பூனை குறுக்கே ஓடவில்லை. குற்றம் சாட்ட எவருமே இல்லாத வெறுமையான இரவு அது.

எல்லாவற்றையும் ஒரு சிறு டப்பாவில் இட்டு மூடினோம். காலையில் அம்மா கேட்டார்கள். “கழுவப் போட்டிருக்கிறது அம்மா” என்றோம். அடுத்த வாரமும் கேட்டார்கள். எண்ணெய் வாங்க வேண்டும் என்றோம். அதற்கடுத்த வாரம் அவர்கள் கேட்கவில்லை. கேளாமல் இருந்ததுதான் பெரிதும் வருத்தியது. மூன்று வாரம் பெரியவரின் திண்ணைப் பக்கமும் போகவில்லை. அவர் வீட்டைத் தவிர்ப்பதற்காக ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குச் சென்றோம். அந்த வழியில்தான் முனிவரை நினைத்துக்கொண்டோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடாது. பழைய சுவடிகளில் ‘எ’ என்பதன்மேல் புள்ளி இட்டால் குறில், இடாவிட்டால் நெடில். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் பலர் விட்டுவிடுவர். படிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டும். முனிவர் அதற்கு ஒரு கால் இழுத்து ‘ஏ’ ஆக்கினார். ‘ஒ’ என்பதற்குச் சுழி கூட்டி ‘ஓ’ ஆக்கினார். இத்தாலியில் 1680-இல் பிறந்தவர், எங்கள் ஊரில் வாழ்ந்து, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடியவர். ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதலெழுத்தே அவர் இழுத்த அந்தச் சிறு கோட்டில்தான் நிற்கிறது. கோடு பிசகினால் பெயரே பிசகும். மயிரிழை அளவான ஒரு சுருளைப் பாழாக்கிவிட்டு அந்த ஆலயச் சுவரோரம் நடந்தவருக்கு வேறு எது நினைவுக்கு வரும்?

நான்காம் வாரம் டப்பாவோடு திண்ணையில் போய் நின்றோம். பெரியவர் திறந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. பதினாறா பதினேழா என்று மட்டும் கேட்டார். சொன்னோம்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றோம்.

“முதல்ல அங்க சொல்லிட்டு வாங்க. அப்புறம் இதைப் பார்க்கலாம்” என்று டப்பாவை மூடி எம்மிடமே கொடுத்துவிட்டார்.

அறுபது வயதைக் கடந்தவர்கள் தாயிடம் பொய்யை ஒப்புக்கொள்ளும் நிலை எளிதன்று. அம்மா கட்டிலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னோம். உரல் நின்றது. சிறிது நேரம் கழித்துச் சொன்னார்கள்:

“அத்தா போன நாலாம் வருஷம் நான் அதைக் கீழே போட்டுட்டேன். கண்ணாடி உடைஞ்சு, முள் ஒடிஞ்சு போச்சு. உன்கிட்டே சொல்லலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டே கொடுத்தனுப்பி வாட்ச்காரர்கிட்டே சரி பண்ணினேன். யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு அவர்கிட்டே சொல்லிவிட்டேன்.” மீண்டும் உரல் ஒலித்தது. “உடைஞ்சா உடைஞ்சுதுன்னு சொல்ல வேண்டியதுதானே.”

மூடியின் உட்புறத்தில் 6-15 என்று கீறியிருந்தது அதுதான்.

திரும்பிச் சென்றபோது பெரியவர் இரண்டு சாமணங்களை எடுத்து வைத்திருந்தார். கெட்ட சுருளைப் பொதுவாக எறிந்துவிட்டு வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து பேலன்ஸோடு எடுத்து வைப்பார்கள். அவருடைய பிஸ்கட் டப்பாவிலும் ஒன்று இருந்தது. வேண்டுமானால் அதை வைக்கலாம், பத்து நிமிட வேலை என்றார். எந்தத் துடிப்பைக் கேட்டு அம்மா காலையில் சாவி கொடுக்கிறார்களோ அந்தத் துடிப்பே வேண்டும் என்று எமக்குத் தோன்றியது. இது அறிவுடைமையா என்று தெரியாது. தொழில் தெரிந்தவர்கள் இல்லை என்றே சொல்வார்கள். பெரியவர் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு டப்பாவை மூடி வைத்தார்.

அவர் கை நடுங்கும். எம் கைக்கு அறிவு இல்லை. எனவே அவர் கண்ணும் எம் கையுமாக வேலை நடந்தது. ஒரு சாமணத்தால் சுருளை வளைவுக்கு முன்பாகப் பிடிக்க வேண்டும். மற்றொன்றால் வளைவுக்குப் பின்பாகத் தொட வேண்டும். தள்ளக்கூடாது, தொட்டுவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கே கோணல் தொடங்குகிறதோ அங்கிருந்துதான் நிமிர்த்த வேண்டும். கோணல் தெரிகிற இடம் வேறு, தொடங்குகிற இடம் வேறு. அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து, ‘உள்ளே இருந்து மூணாவது சுத்து, கிழக்குப் பக்கம், ஒரு முடி அளவு வெளியே’ என்பார். யாம் தொடுவோம். ‘கூடிப் போச்சு, பாதி திரும்புங்க’ என்பார். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒரே வளைவில் கழிந்தது. கழுத்து வலித்தது. மாலையில் பெரியவரின் மனைவியார் காப்பி கொண்டுவந்து வைத்தபோது, வெள்ளைத்தாளுக்கு அருகே வைக்கக்கூடாது என்று இருவரும் ஒரே குரலில் கத்திவிட்டோம். அம்மையார் சிரித்துக்கொண்டே போனார்.

நான்கு சனிக்கிழமைகளில் சுருள் ஏறத்தாழ வட்டமாயிற்று. ஏறத்தாழ என்பதே உண்மை. பெரியவரும் அதற்கு மேல் கையை வைக்க வேண்டாம், உலோகம் சோர்ந்துவிடும் என்றார். மீதி உறுப்புகளைக் கழுவி, எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றாகப் பூட்டினோம். பேலன்ஸை இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டோம். வளையத்தின் அச்சுமுனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது கல்லின் துளைக்குள் தானாக இறங்க வேண்டும், அழுத்தினால் முறியும். பாலத்தை மேலே வைத்துத் திருகைத் தொட்டபோது வளையம் அசைந்தது. பின்பு நின்றது. சாவியை இரண்டு திருகு திருகச் சொன்னார். திருகினோம். அது புறப்பட்டுவிட்டது.

பெரியவர் கடிகாரத்தை எடுத்துத் தம் காதில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் தரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தோம். அவர்களும் காதில் வைத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை; தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். மறுநாட் காலையில் சாவி கொடுக்கும் ஓசை அடுத்த அறையில் எமக்குக் கேட்டது.

கடிகாரம் நாளைக்கு நான்கு நிமிடம் முந்துகிறது. சுருளின் இரு வட்டங்கள் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன என்பது பெரியவரின் கணிப்பு. தொட்டால் சுருளின் நீளம் குறையும்; நீளம் குறைந்தால் துடிப்பு விரையும். வேகத்தைக் குறைக்கும் சிறு கைப்பிடியைக் கடைசி எல்லைவரை தள்ளிவிட்டோம். அதற்கு மேல் இடமில்லை. முந்துவதை அம்மாவிடம் சொன்னபோது, “பாங்கு சொல்றதுக்கு முந்தி எழுந்திரிச்சா நல்லதுதானே” என்றார்கள். வானொலிக்குப் பதிலாக எம் கைப்பேசியைப் பார்த்து வாரம் ஒருமுறை முள்ளைத் திருப்பி வைக்கிறோம்.

வேலை முடிந்த அன்று, மூடியை மூடுமுன், உட்புறத்தில் நாளைக் கீறிவிடலாமா என்று ஊசியைக் கேட்டோம். 6-15 என்பதன்கீழ் இடம் இருந்தது. பெரியவர் ஊசியைத் தரவில்லை.

“நாலு நிமிஷத்துக்கெல்லாம் எழுதக்கூடாது சார். ஒரு நிமிஷத்துக்குள்ள வரட்டும். அப்புறம் எழுதலாம்.”

ஊசி அவருடைய டப்பாவிலேயே இருக்கிறது. பிஸ்கட் டப்பாவின் பழைய கடிகாரத்தில் மீதமிருந்த நான்கு முறைகளையும் முடிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று ஆயிற்று. வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும்.